மணி அடிக்காத கை

கோவிந்தப்பனின் கதையைச் சொல்வதென்றால் அவர் மணிக்குள் துணி அடைத்த நாளிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். பிறந்தது குந்தாரப்பள்ளி, அப்பா சந்தையில் மாட்டுத் தரகர், படித்தது கிருஷ்ணகிரியில் எஸ்.எஸ்.எல்.சி., கட்டிக்கொண்டது தேன்கனிக்கோட்டை ருக்மணியை என்கிற விவரமெல்லாம் யாருக்கும் வாய்க்கக்கூடியது. மணிக்குள் துணி அடைத்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அது 1957. மெட்ராஸ், மைசூர் என்ற இரண்டு ராஜ்யங்களுக்கும் நடுவே எல்லைக் கற்களைச் சரிபார்க்க ஓசூரில் ஒரு சர்வே கேம்ப் போட்டிருந்தார்கள். ஆபீசுக்கு இடம் கிடைக்காமல் பழைய பட்டுக்கூடு கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். எத்தனை முறை கழுவிவிட்டாலும் புழுவின் வாடை போகவில்லை. வெளியே ஆட்கள் சங்கிலி பிடித்து நிலத்தை அளப்பார்கள், கருவி வைத்துக் கோணம் பார்ப்பார்கள். அந்த எண்கள் எல்லாம் கிடங்குக்கு வந்து சேரும். அவற்றைப் பெருக்கி வகுத்து, கல் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்வது உள்ளே இருக்கும் இரண்டு பேரின் வேலை. ஒருவர் கோவிந்தப்பன். இன்னொருவர் போச்சம்பள்ளிக்காரர் அக்பர் பாஷா. கோவிந்தப்பனைவிட நாலு வயது இளையவர், வேலை நிரந்தரமாகாதவர், பேச்சு குறைவு.

இருவர் மேசையிலும் ஒரே மாதிரி இரண்டு கணக்கு மெஷின்கள். எண்ணை வைத்துக் கைப்பிடியை முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும். விடை பன்னிரண்டு சின்னச் சன்னல்களில் வந்து நிற்கும். பன்னிரண்டுதான். பதின்மூன்றாவது இலக்கத்துக்கு அதில் இடம் கிடையாது. விடை நிரம்பி வழிந்தால் உள்ளே ஒரு சின்ன மணி ‘டிங்’ என்று ஒருமுறை அடிக்கும். அதோடு மெஷினின் பொறுப்பு முடிந்தது. சன்னல்கள் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்பிவிடும்.

மலைக்கு மலை அளக்கிற கணக்கில் பன்னிரண்டு இலக்க எண்ணைப் பன்னிரண்டு இலக்க எண்ணால் பெருக்க வேண்டி வரும். மெஷினுக்கு அது கொள்ளாது என்பதால் பின்னால் இருக்கும் ஆறு இலக்கங்களையும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பெருக்குவதுதான் கேம்ப்பின் வழக்கம். கோவிந்தப்பனுக்கு அது பொறுக்கவில்லை. வெட்டி எறிந்ததெல்லாம் எங்கே போகிறது என்று அவர் பார்த்தார். முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போய்க் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால், கணக்குப்படி ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. வெட்டியது அந்த ஒரு முழத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

பத்து நாள் தலையைப் போட்டு உடைத்துக்கொண்டு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு எண்ணையும் தலை ஆறு, வால் ஆறு என்று இரண்டாக வெட்டுவது. எதையும் எறியாமல் நாலு பெருக்கலாகப் போட்டு, பிறகு இடம் பார்த்துக் கூட்டுவது. நடுவில் வரும் இரண்டு பெருக்கலையும் ஒன்றாகக் கூட்டும்போதுதான் பன்னிரண்டு சன்னலும் நிரம்பி வழியும். அங்கேதான் மணியின் வேலை. ராகி அளக்கிறவர் ஒவ்வொரு மரக்கால் நிறையும்போதும் அடையாளத்துக்கு ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போடுவதில்லையா, அதுபோல மணி அடித்தால் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் அந்தக் கோட்டைத் தலைப் பெருக்கலோடு சேர்க்க வேண்டும். கோட்டை விட்டுவிட்டால் விடையில் இடமிருந்து ஆறாவது இலக்கத்தில் ஒன்று குறையும்.

முறை பிரமாதமாக வேலை செய்தது. ஒரு முழம் தள்ளி நின்ற முக்கோணங்கள் இரண்டு விரற்கடைக்குள் வந்து சேர்ந்தன. கேம்ப் அதிகாரி சின்னராஜ் அதற்கு ‘ஆறு-ஆறு முறை’ என்று பெயர் வைத்து, கோவிந்தப்பன் கையாலேயே விதிகளை எழுதச் சொல்லி, கீழே கையெழுத்தும் வாங்கிச் சுவரில் ஒட்டினார். மொத்தம் ஐந்து விதிகள். நாலாவது விதி, மணி அடித்த உடனே கோடு போட வேண்டும், மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாவது விதி, ஒரே கணக்கை இருவரும் தனித்தனியாகப் போட வேண்டும், ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. இரண்டு தாளிலும் ஒரே விடை வந்தால் அது சரி என்று சின்னராஜ் கையெழுத்துப் போடுவார்.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். புது முறையைப் பற்றிக் கேள்விப்பட்டு, கணக்குப் போடும் அறையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அப்போது கோவிந்தப்பன் போட்டுக்கொண்டிருந்தது பெருக்கல் அல்ல, வகுத்தல். இந்த மெஷினில் வகுப்பது என்பது கழித்துக்கொண்டே போவதுதான். கைப்பிடியைப் பின்னால் சுற்றிச் சுற்றிக் கழிக்க வேண்டும். ஒரு சுற்று அதிகமாகிவிட்டால் சன்னலில் ஒன்பதுகளாக வந்து நிற்கும், மணி அடிக்கும். உடனே ஒரு சுற்று முன்னால் சுற்றிச் சரி செய்துகொள்ள வேண்டும். எல்லாரும் அப்படித்தான் வகுப்பார்கள். மணியை வைத்தவனே அதற்காகத்தான் வைத்தான். ஆனால் அன்றைக்குக் கோவிந்தப்பனின் மெஷின் ஒருமுறைகூட அடிக்கவில்லை. பக்கத்தில் பாஷாவின் மெஷின் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது.

“இவரு கை நிறுத்தற எடம் தெரிஞ்சு நிக்குது பாத்தீங்களா” என்றார் பெரிய அதிகாரி, சின்னராஜிடம். “மணி அடிக்காத கை. நான் எத்தனையோ கேம்ப் பாத்துட்டேன், இப்பிடி ஒரு கையைப் பாத்ததில்ல.”

உண்மை என்னவென்றால் கோவிந்தப்பன் அந்தக் கணக்கை முந்தின நாளே போட்டு முடித்திருந்தார். விடை அவருக்கு மனப்பாடம். எத்தனை சுற்றில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவனுக்கு மணி ஏன் அடிக்கப் போகிறது? இதை அந்த நிமிடமே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் அதிகாரியும் சிரித்திருப்பார், விஷயம் முடிந்திருக்கும். கோவிந்தப்பன் சொல்லவில்லை. தலையைக் குனிந்து, பணிவு மாதிரி ஒன்றைக் காட்டினார்.

அதிகாரி போன பிறகு பெயர் நிலைத்துவிட்டது. சின்னராஜ் வருகிற போகிறவர்களிடமெல்லாம் இவரைக் காட்டி, “மணி அடிக்காத கை” என்பார். கேம்ப்புக்கு டீ கொண்டுவருகிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். இனிமேல் எப்படி அடிக்க விடுவது? இரண்டு நாள் கோவிந்தப்பன் பயந்து பயந்து வகுத்தார், நாலு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்திச் சன்னலை எட்டிப் பார்த்தார், வேலை பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் மெஷினின் பின்மூடியைத் திறந்து, பழைய வேட்டியின் பச்சைக் கரையில் ஒரு விரல் நீளம் கிழித்து மணிக்குள் அடைத்தார். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். ‘டொக்’ என்றுகூடச் சத்தமில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவருடைய மெஷின் ஊமை.

வகுத்தலில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒன்பதுகள் வந்தால் கண்ணுக்கே தெரியும். ஆனால் பெருக்கலில் நடுக்கூட்டு வரும்போது மணி வேண்டும். கைப்பிடியைச் சுற்றுகிற நேரத்தில் கண் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருக்கும், சன்னல் வழிந்ததைப் பார்க்காது. இதற்குக் கோவிந்தப்பன் செய்த ஏற்பாட்டைச் சொல்ல எனக்கே கூசுகிறது. பாஷாவும் அதே கணக்கைத்தானே போடுகிறார்? பாஷாவைவிட ஒரு படி பின்னால் தங்கிக்கொள்வது. பாஷாவின் மணி அடித்ததும் தன் தாளில் கோடு போட்டுக்கொள்வது. தாளைத்தான் பார்க்கக் கூடாது என்று விதி, காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லவில்லையே என்று தனக்குத் தானே ஒரு சமாதானம். இருவர் தனித்தனியாகப் போடுகிற கணக்கு என்பது அன்றிலிருந்து ஒருவர் போடுகிற கணக்காகிவிட்டது. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சுவரில் அவர் கையெழுத்தோடு ஐந்து விதிகளும் தொங்கிக்கொண்டிருந்தன.

எட்டு மாதம் கழித்துத் தளிப் பக்கத்திலிருந்து சங்கதி வந்தது. ஒரு பாறைமேட்டை ஒட்டி வெங்கடப்பன் என்ற விவசாயியின் கொல்லை. அதன் ஓரத்தில் இந்தக் கேம்ப்பின் கணக்குப்படி நட்ட கல், அந்தப் பக்கத்து ராஜ்யத்தின் கணக்குப்படி பதினோரு அடி தள்ளி நின்றது. அந்த இடத்தில் இரண்டு பார்வைக் கோடுகள் ரொம்பக் குறுகலாக வந்து ஒன்றையொன்று வெட்டுகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கோட்டின் நீளத்தில் ஓரடி பிசகினாலும் கல் பத்தடி ஓடிவிடும். பதினோரு அடியில் வெங்கடப்பனின் கிணறு ராஜ்யம் மாறிவிட்டது. “ராத்திரி மெட்ராஸ் தண்ணி குடிச்சிட்டுப் படுத்தேன், காலைல பாத்தா மைசூர் தண்ணின்றாங்க” என்று அவர் சங்கிலிக்காரர்களிடம் கேட்டாராம். கல்லைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நட இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் தவறு யாருடையது என்று மேலிடத்திலிருந்து எழுதிக் கேட்டுவிட்டார்கள்.

சின்னராஜ் பழைய தாள்களைத் தேடி எடுத்தார். இரண்டு தாளிலும் ஒரே விடை. இரண்டிலும் நடுக்கூட்டுக்கு எதிரே ஓரம் வெறுமையாக இருந்தது. ஒரு கோடு விட்டுப்போயிருந்தது. “சாப்பிட்டு வந்ததும் மெஷினைப் பாத்துடுவோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சாப்பாட்டு வேளையில் கோவிந்தப்பன் சாப்பிடவில்லை. பின்மூடியைத் திறந்து பச்சைத் துணியை இழுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவசரத்தில் திருகாணி கீழே விழுந்து உருண்டு, மண்டியிட்டுத் தேட வேண்டியிருந்தது. மண்டியிட்டிருந்த அந்த நேரத்திலாவது ‘இதை அப்படியே விட்டுவிடு, உள்ளதைச் சொல்லு’ என்று தோன்றியிருக்கலாம். தோன்றவும் செய்தது. திருகாணி கிடைத்துவிட்டது, எழுந்து மூடியை முடுக்கிவிட்டார்.

சின்னராஜ் வந்து முதலில் பாஷாவின் மெஷினைச் சுற்றினார். சன்னல் நிரம்பி வழிந்தது, மணி அடிக்கவில்லை. உள்ளே மணியின் சுத்தியைத் தூக்கும் சின்ன ஸ்பிரிங் பாதி அறுந்து தொங்கியது, சில சமயம் தூக்கும், சில சமயம் தூக்காது. பிறகு கோவிந்தப்பனின் மெஷின். டிங் என்று கிடங்கு முழுக்கக் கேட்டது. எட்டு மாத ஊமை வாய் திறந்துவிட்டது.

“பாஷாவுது அறுந்து போச்சு, சரி” என்றார் சின்னராஜ். “உங்களுது நல்லாத்தானே அடிக்குது. நீங்க ஏன் கோடு போடல?”

கோவிந்தப்பனிடம் பதில் தயாராக இருந்தது. அவ்வளவு சீக்கிரம் அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் பல நாள் அவரே யோசித்திருக்கிறார்.

“மணி அடிச்சுதுங்க சார். ஆனா ரெண்டு மெஷினும் பக்கத்துலேயே இருக்குது, ரெண்டுக்கும் ஒரே சத்தம். பாஷாவுது அடிக்குதுன்னு நெனச்சுட்டேன். அவருது அறுந்து போனது எனக்கெப்படித் தெரியும்?”

பொய் என்றால் அப்படி ஒரு பொய். அதில் எல்லாம் பொருந்தியது. சின்னராஜ் தலையாட்டினார். பாஷாவின் பக்கம் திரும்பி, “நீங்க என்னா சொல்றீங்க?” என்றார்.

பாஷா கோவிந்தப்பனை ஒருமுறை பார்த்தார். பிறகு அறுந்த ஸ்பிரிங்கைப் பார்த்தார். “என் மேல தப்புதாங்க சார்” என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. தினமும் காலையில் மெஷினைச் சோதித்திருக்க வேண்டும், சோதிக்கவில்லை என்று எழுதி, பாஷாவைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெயிலிலும் முள்ளிலும் சங்கிலி இழுக்கிற கூட்டத்தோடு தளிக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்த மனுஷன். அந்தப் பேச்சே நின்றுபோனது.

கோவிந்தப்பனுக்கு வந்த அவமானம் வேறு விதம். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அவமானம். அறையில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மணி இப்போது நன்றாக அடித்தது. அது அடிக்கும்போதெல்லாம் காலியாகக் கிடந்த அடுத்த மேசையை அவர் கண் பார்த்தது. டீக்காரர் வந்து, “என்னாங்க, மணி அடிக்காத கை, இப்பல்லாம் அடிக்குதே” என்று விளையாட்டாகக் கேட்டபோது எழுந்து வெளியே போய், வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தார். துணி சட்டைப் பையிலேயே இருந்தது. தூக்கி எறிய நினைப்பார், எறிகிற இடத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தோன்றும். சட்டை மாற்றினால் துணியையும் மாற்றிக்கொள்வார்.

ஒன்றரை மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஷாவின் மனைவி அதியா ஒரு பை நிறைய பீன்ஸும் உருளைக்கிழங்குமாக கோவிந்தப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“தளியில இருந்து அவரு கொண்டாந்தாரு அக்கா” என்று ருக்மணியிடம் கொடுத்தாள். “அண்ணன் ஒருத்தரே ரெண்டு பேரு வேலையும் பாக்குறாரு, நல்லா சாப்புடச் சொல்லுன்னாரு.”

உள்ளே இருந்த கோவிந்தப்பன் வெளியே வரவில்லை. சட்டையை மாட்டுகிற பாவனையில் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதியா போன பிறகு ருக்மணி உருளைக்கிழங்கு வறுத்து இலையில் வைத்தாள். அவர் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

“ஒரு மாசமாப் பாக்குறேன், சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு வெச்சுட்டு எந்திரிக்கிறீங்க. என்னா நடந்துச்சு?” என்றாள் ருக்மணி.

அவர் சொன்னார். ஆறு-ஆறு முறையெல்லாம் அவளுக்குப் புரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மணி, துணி, பொய், பாஷா என்ற நாலும் புரிந்தது. அவள் அவர் சட்டைப் பையில் கையை விட்டுத் துணியை வெளியே எடுத்து விரித்துப் பார்த்தாள்.

“இது எங்க வூட்ல எடுத்துக் குடுத்த வேட்டிக் கரையாச்சே” என்றாள். திட்டவில்லை. மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். “அந்தப் பொண்ணு கொண்டாந்ததை நான் எப்புடிச் சாப்புடுவேன்? நீங்க போயிட்டு வாங்க. வந்தப்புறம் ரெண்டு பேரும் சாப்புடலாம்.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோவிந்தப்பன் தளிக்குப் போனார். பஸ் முழுக்கக் கன்னடமும் தெலுங்குமாகப் பேச்சு. அவருக்கு இரண்டும் தெரியும், எதுவும் காதில் விழவில்லை. பாறைமேட்டின் அடியில் பாஷா சங்கிலியை மடித்துக்கொண்டிருந்தார். முகம் கறுத்திருந்தது, முழங்கையில் முள் கிழித்த கோடுகள். கோவிந்தப்பனைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துப் பாறையைத் தட்டிவிட்டார்.

“வாங்கண்ணா. உக்காருங்க.”

கோவிந்தப்பன் உட்காரவில்லை. நின்றபடியே துணியை நீட்டினார். “பாஷா, அன்னைக்கு என் மெஷினு அடிக்கவே இல்ல. எட்டு மாசமா அடிக்கல. இதை உள்ள அடைச்சு வெச்சிருந்தேன். உன் மணியைக் கேட்டுத்தான் கோடு போட்டுக்கிட்டிருந்தேன்.”

பாஷா துணியை வாங்கவில்லை. “தெரியும்ண்ணா” என்றார்.

“என்னா தெரியும்?”

“ஒரே ரூமுல உக்காந்திருக்கோம். எட்டு மாசமா ஒரு மணிதான் அடிக்குது. எனக்குத் தெரியாமப் போவுமா?” பாஷா சங்கிலியின் கொக்கியைத் தடவிக்கொண்டே சொன்னார். “துணி வெச்சது தெரியாது. அண்ணனுக்கு மணி வேண்டியதில்ல, சன்னலைக் கண்ணாலேயே பாத்துக்குறாருன்னு நெனச்சுக்கிட்டேன். அந்தப் பெரிய ஆபீசரே சொல்லிட்டாரே. மணி அடிக்காமலே கோடு போடுறாரே, நமக்கு எந்தக் காலத்துல அப்புடி வரும்னு ராத்திரியில அதியாகிட்ட சொல்லிக்கிட்டிருப்பேன்.”

தான் திருடிக்கொண்டிருந்த வீட்டுக்காரன் தன்னைப் பாராட்டிக்கொண்டிருந்தான் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? கோவிந்தப்பன் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அப்ப விசாரணையில ஏன் சொல்லல? நான் பொய் சொல்றேன்னு உனக்குத் தெரிஞ்சுதான இருந்துச்சு?”

பாஷாவின் முகமும் தாழ்ந்தது. “அன்னைக்குக் கணக்குப் போட்டப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சுண்ணா. நடுக்கூட்டு நம்பரு கொறைவாத் தெரிஞ்சுது. மணி அடிச்சிருக்கணுமேன்னு தோணுச்சு. திருப்பிப் போட்டிருக்கணும். சோம்பேறித்தனம். உங்க தாளை எட்டிப் பாத்தேன். ஓரத்துல கோடு இல்ல. அண்ணனே போடல, அப்ப வேண்டியதில்லன்னு விட்டுட்டேன்.” சங்கிலியை ஓரமாக வைத்தார். “அடுத்தவன் தாளைப் பாக்கக் கூடாதுன்னு நீங்க எழுதி ஒட்டியிருக்கீங்க. நான் பாத்தேன். அதை வெச்சுக்கிட்டு உங்களை எப்புடிக் காட்டிக் குடுப்பேன்? என் தப்புக்குத்தான் எனக்குக் குடுத்தாங்கன்னு இருந்துட்டேன்.”

எட்டு மாதத்தில் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்ததற்காக அந்த மனுஷன் ஒன்றரை மாதமாக முள்ளில் நடந்து கொண்டிருக்கிறார், அதையும் நியாயம் என்று நினைக்கிறார். அந்த நாளில் இவர் அவருடைய மணிக்காகக் காத்திருந்தார், அவர் இவருடைய கோட்டுக்காகக் காத்திருந்தார். கணக்கை யாரும் போடவில்லை. வெங்கடப்பன் வீட்டிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிவந்து பாஷாதான் கொடுத்தார். பதினோரு அடி நடந்துவிட்டுத் திரும்பிவந்த அந்தக் கிணற்றின் தண்ணீர்தான் அது.

அன்று பிற்பகலே கோவிந்தப்பன் சின்னராஜ் மேசைமேல் துணியை வைத்தார். முழுதும் சொன்னார். சின்னராஜ் துணியைப் பென்சிலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“இதை இப்ப வந்து சொல்றீங்களே. ரிப்போர்ட்டு போயி ஒன்றரை மாசமாச்சு.”

“எழுதிக் குடுத்துடறேங்க சார்.”

“எழுதுனா பேரு போயிரும், தெரியுமில்ல?”

“அந்தப் பேரே பொய்ங்க சார்” என்றார் கோவிந்தப்பன். பெரிய அதிகாரி வந்த நாளில் விடை மனப்பாடமாக இருந்ததையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். எழுதும்போது அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. கோவிந்தப்பனுக்கு அடுத்த உயர்வு கிடையாது, கடும் கண்டனம் என்று எழுதியிருந்தது. வேறு ஆள் கிடைக்காததால் வேலையில் வைத்துக்கொண்டார்கள். பாஷா அறைக்குத் திரும்பினார். திரும்பி வந்ததும் அவர் முதலில் செய்த காரியம், தன் மேசையைத் திருப்பிப் போட்டதுதான். இனி இருவரும் முதுகோடு முதுகாகத்தான் உட்கார வேண்டும், யார் தாளும் யாருக்கும் தெரியாது. மணிச் சத்தத்துக்கு என்ன செய்வது என்று கோவிந்தப்பன்தான் யோசித்தார். சுவரில் ஆறாவது விதி ஒன்றை எழுதினார். யாருடைய மணி அடிக்கிறதோ அவர் உடனே வாய்விட்டு ‘என்னுது’ என்று சொல்ல வேண்டும். பெருக்கலில் அடித்தாலும் சரி, வகுத்தலில் கை கூடிப்போய் அடித்தாலும் சரி. சொன்னவர் தன் மெஷினைப் பார்த்துக்கொள்ளட்டும், மற்றவர் தன் பாட்டைப் பார்க்கட்டும்.

அதிலிருந்து அந்தக் கிடங்கில் நாள் முழுக்க டிங், என்னுது, டிங், என்னுது என்றுதான் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். கோவிந்தப்பனுக்குப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. தெருவில் சைக்கிள் மணி கேட்டால்கூட அவர் உதடு அசையும், ருக்மணி பார்த்துவிட்டுச் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அந்தப் பெரிய அதிகாரி மறுபடி வந்தார். கோவிந்தப்பன் எழுதிக் கொடுத்ததையெல்லாம் அவர் படித்தாரா, படித்து மறந்துவிட்டாரா, யாருக்கும் தெரியாது. கூட நாலைந்து புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அறை வாசலில் நின்று, கோவிந்தப்பனைச் சுட்டிக்காட்டி, “நான் சொன்னேனே, அது இவருதான். மணி அடிக்காத கை. பக்கத்துல நின்னு பாருங்க” என்றார்.

எல்லாரும் வந்து தோளுக்குப் பின்னால் நின்றார்கள். கோவிந்தப்பன் வகுத்துக்கொண்டிருந்தார். பாஷாவின் மெஷின் சட்டென்று நின்றது; அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டது திரும்பிப் பார்க்காமலே கோவிந்தப்பனுக்குத் தெரிந்தது. இப்போது ஒரு மணி அடித்தால் அது யாருடையது என்பதில் சந்தேகமே இருக்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்திச் சன்னலைப் பார்த்துப் பார்த்துச் சுற்றினால் இன்றைக்கும் அடிக்காமல் தப்பித்துவிடலாம். அது கோவிந்தப்பனுக்குத் தெரியும். அவர் நிறுத்தவில்லை, எல்லாரும் சுற்றுவது போலவே சுற்றினார். ஏழாவது சுற்று கூடிப்போனது. சன்னலில் ஒன்பதுகள் வரிசையாக வந்து நின்றன.

டிங்.

பெரிய அதிகாரி பாஷாவின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இல்லீங்க” என்றார் கோவிந்தப்பன். அவர் காது மடல்கள் சிவந்திருந்தன, குரல் சரியாக எழும்பவில்லை. ஒருமுறை கனைத்துக்கொண்டு, கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி சொன்னார். “என்னுது.”